பெயர் விருந்தாளி, கிடைப்பது நாள்கூலி
(நீலசந்திராவில் நம் சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லூரி ஆசிரியர் சம்பளத்தைப் பற்றிக் கட்டட வேலைக்குப் போகும் நாம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். சித்தாளாகச் சுமந்த காசில்தான் நம் பிள்ளைகளை எம்.ஏ. வரை படிக்க வைக்கிறோம். படித்து வந்த பிள்ளைக்கு அரசுக் கல்லூரியில் கிடைக்கும் வேலைக்குக் கன்னடத்தில் 'அதிதி உபன்யாசகர்' என்று பெயர். அதிதி என்றால் விருந்தாளி. விருந்தாளியை அடுப்படியில் நிறுத்தி வேலை வாங்கும் வீட்டை நாம் கண்டதுண்டா?

கணக்கைப் பாருங்கள். கர்நாடக அரசு முதல்நிலைக் கல்லூரிகளில் 2022 தொடக்கம் வரை இவர்களுக்கு மாதம் ரூ.11,000 அல்லது ரூ.13,000. வீதியில் இறங்கிப் போராடினார்கள். அந்த ஜனவரியில் அரசு அதை ரூ.26,000 முதல் ரூ.32,000 வரை உயர்த்தியது. கூடவே, வாரம் 8, 10 மணியாக இருந்த பாடவேளையை 15 ஆக்கியது.

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல. மூன்று ஆள் வேலையை இரண்டு ஆளிடம் வாங்கும் மேஸ்திரியை நாம் அறிவோம். வாரம் 30 மணி பாடம் இருந்தால், 10 மணி வீதம் மூவருக்கு வேலை. 15 மணி வீதம் இருவருக்குத்தான். இருவருக்கு ஏறிய சம்பளத்தில் மூன்றாமவர் இழந்த சோறும் இருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது என்ன? வகுப்புக்கு ரூ.1,500, மாதம் ரூ.50,000 வரை. வாரம் 15 மணி என்றால் மாதம் 60 மணி. ரூ.32,000ஐ வகுத்தால் மணிக்கு ரூ.533தான் தேறும். 2023 இறுதியில் மறுபடி போராடிய பிறகே மேலும் ரூ.5,000 முதல் ரூ.8,000 வரை அறிவித்தார்கள். அப்போதும் ரூ.50,000ஐத் தொடவில்லை.

அதுவும் வகுப்பில் நின்ற நேரத்துக்கு மட்டுமே கணக்கு. இரவில் பாடம் தயாரிப்பதும் வகுப்புத் தேர்வுத் தாள் திருத்துவதும் கணக்கில் இல்லை. சாரம் கட்டிய நேரத்தைத் தள்ளிவிட்டுக் கல் வைத்த நேரத்துக்கு மட்டும் கூலி கொடுத்தால் நம் கொத்தனார் ஒப்புவாரா?

குஜராத் அரசுக் கல்லூரிகளின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு ரூ.30,000, அதே பாடம் நடத்தும் மற்றவர்களுக்கு லட்சத்துக்கு மேல். இது தகாது என்று 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமே கண்டித்தது.

சம வேலைக்குச் சமக் கூலி! நேரம் கூடினாலும் ஓர் ஆளையும் நிறுத்தக் கூடாது! இதில் தமிழர், கன்னடர் என்ற பேதமில்லை, தோழர்களே. அவர்கள் மீண்டும் பந்தல் போட்டால் ஞாயிற்றுக்கிழமை நாமும் போய் அவர்கள் பக்கத்தில் உட்காருவோம். நாளை அந்தப் பந்தலில் இருக்கப்போவது நம் வீட்டுப் பிள்ளை.