முதலில் வாய்க்கால், பிறகு கன்று



பட்டறிவுப் பயணமாக சிதம்பரம் பக்கத்தில் பிச்சாவரம் போய் வந்தோம். பஸ்ஸில் பாடினதையும் படகில் பயந்ததையும் எல்லாரும் பேசிட்டீங்க. நான் அங்கே உள்ள வாய்க்காலைப் பத்தி மட்டும் சொல்றேன்.

அலையாத்திக் காடு, கடல் தண்ணியும் ஆத்துத் தண்ணியும் கலக்கிற சேற்றில் வளர்வது. சுரபுன்னை விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த மரங்களை விறகுக்காகப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து, தரை அமுங்கிப் பள்ளமானது. ஏறி வந்த கடல் தண்ணி இறங்க வழியில்லாமல் தேங்கி வற்றி, மண் உப்பேறிப் போனது. அப்புறம் அந்த இடத்தில் கன்று தானாக முளைக்கவில்லை.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை, ஊர்மக்கள் எல்லாரும் சேர்ந்து அதைச் சரிசெய்தார்கள். எடுத்ததும் கன்று நடவில்லை. மீன்முள் மாதிரி நடுவில் பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சின்ன வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணி ஏறி இறங்க இறங்க உப்பு குறைந்தது. வாய்க்கால் ஓரமாகவே நட்டார்கள், பிழைத்தது. 2004 சுனாமியில் அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு.

இப்ப நம்ம கண்மாய்க்கு வர்றேன். கரையில் கன்று நட்டு போட்டோ எடுத்தோமே, என்னாச்சு? கோடையில் கருகிப்போச்சு. ஆட்டு மேல பழியைப் போட்டோம். வரத்து வாய்க்காலில் சீமைக்கருவேலமும் பிளாஸ்டிக்கும் அடைச்சுக் கிடக்கு; கண்மாய்க்கே தண்ணி வரல, கன்றுக்கு எங்கே வரும்? அந்தப் பிளாஸ்டிக் நம்ம வீட்டிலிருந்து போனதுதான். நானும் போட்டிருக்கேன்.

ஏழாவது படிக்கிற என் மகளிடம் ஈரநிலம்னா என்னம்மான்னு கேட்டேன். பிச்சாவரம், 2022-இல் ராம்சார் பட்டியல்னு கடகடன்னு சொன்னா. நம்ம கண்மாயும் ஈரநிலம்தானேன்னேன். "அது குப்பை கொட்டுற இடம்மா"ன்னா. எனக்குப் பேச்சு வரல.

அதனால இந்த வருசமும் கன்று வாங்கணும்னு இருக்கிற தீர்மானத்தைத் தள்ளி வைங்க. வாய்க்காலைத் தூர்வார கிராம சபையில் மனு கொடுப்போம். பள்ளிக்கூடத்துல கேட்டு, பிள்ளைகளை மடைக்கும் வாய்க்கால் தலைப்புக்கும் கூட்டிப்போய் தண்ணி வர்ற வழியைக் காட்டுவோம். எங்க குழு வர்ற சனிக்கிழமை குப்பை அள்ளத் தொடங்குது. மண்வெட்டி இருக்கு. தள்ளுவண்டி ரெண்டு தேவைப்படுது, யார்கிட்ட இருக்குன்னு சாப்பாட்டு நேரத்துல சொல்லுங்க.