கராஜில் தொங்குற ஜக்கெற்

குளிர் தொடங்க முந்தி உங்களில கனபேர் கேட்கிற கேள்வி இது: பழைய ஆமி ஜக்கெற் ஒண்டு வாங்கலாமா, அது உண்மையிலேயே நல்லதா, இல்லை சும்மா ஸ்டைலா? என்னட்ட ஒண்டு இருக்கு. 6 வருசமாப் போடுறன். அதனால இண்டைக்கு விருந்தாளி ஒருத்தரும் இல்லை, நான் மட்டும்தான் கதைக்கப் போறன். கொஞ்சம் வீட்டுக் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

என்னுடையது எம்-65. அமெரிக்க இராணுவம் 1965இல் கொண்டுவந்த ஃபீல்ட் ஜக்கெற். திடீரென்று வானத்தால விழுந்த டிசைன் இல்லை. இரண்டாம் உலகப் போரில எம்-1943 என்று ஒண்டு இருந்தது. ஒரே தடிச்ச கோட்டைப் போட்டு அவியுறதை விட, காத்தை மறைக்கிற மெல்லிய ஓடு ஒண்டு வெளியில, சூடு தாற உடுப்பு உள்ளுக்குள்ள என்ற யோசனை அதிலதான் ஒழுங்கா வந்தது. இண்டைக்கு மலையேற்றக் கடையில 'லேயரிங்' என்று எங்களுக்குச் சொல்லித் தாறது அதே சங்கதிதான். பிறகு கொரியப் போர்க் காலத்தில எம்-1951, அதில முன்பக்கம் சிப் வந்தது. எம்-65இல கொலருக்குள்ள சுருட்டி ஒளிச்சு வைக்கிற மெல்லிய தொப்பி, கையில வெல்க்ரோ, முதுகில தோளோரம் மடிப்பு எல்லாம் சேர்ந்தது. அந்த மடிப்பு சின்ன விசயம் மாதிரித் தெரியும். விறகு வெட்டேக்க கையை முன்னுக்கு நீட்டிப் பாருங்கோ, அப்ப விளங்கும். சாதாரணக் கடை ஜக்கெற் முதுகில இறுக்கிப் பிடிக்கும், இது பிடிக்காது.

துணி பாதி பருத்தி, பாதி நைலான். காத்துக்கு நல்லது. மழைக்கு? இல்லை. தயவுசெய்து இதை நம்பி மழைக்குள்ள போகாதீங்கோ. தூறலைத் தாங்கும், அரை மணித்தியாலம் அடிச்சுப் பெய்தா ஊறி, பாரமாகி, காய ஒரு நாள் எடுக்கும். குளிருக்குள்ள ஈரப் பருத்தி ஆபத்தானது. நான் அல்கொன்குயின் பூங்காவுக்குப் போகேக்க பையுக்குள்ள ஒரு மலிவு ரெயின்கோட்டும் போகும். ஆனா நெருப்புக் கரையில இருக்கேக்க இதுதான் ராசா. பக்கத்தில இருந்த நண்பனின்ட பளபள நைலான் ஜக்கெற்றில ஒரு பொறி பட்டு, இறகெல்லாம் வெளியில பறந்தது. என்னுடையதில அடுத்த நாள் புகை மணம் மட்டும்தான் மிச்சம்.

உள்ளுக்குள்ள பொத்தான் போட்டு மாட்டுற தைச்ச லைனர் ஒண்டு தனியா வரும். அது இல்லாம வாங்கினா ரொறன்ரோவில ஒக்ரோபரோட சரி. லைனரும் ஒரு ஸ்வெற்றரும் இருந்தா சைபர் பாகை வரைக்கும் நான் சமாளிப்பன். ஜனவரிக்கு வேற கோட் தேவை, அதில விவாதமே வேண்டாம்.

வாங்கப் போறீங்கள் என்றா அளவுதான் முதல் பொறி. உள்ளுக்குள்ள ரெண்டு மூண்டு உடுப்புப் போட வெட்டினது, அதனால அவங்கட மீடியம் எங்கட லார்ஜ் மாதிரி இருக்கும். ஒரு அளவு சின்னனா எடுங்கோ. அடுத்தது, கழுத்துக்குள்ள இருக்கிற லேபல். அதில 'டிஎஸ்ஏ 100' என்று தொடங்கி, பிறகு 68, 71 என்று ரெண்டு இலக்கம் வந்தா, அதுதான் ஒப்பந்தம் குடுத்த நிதியாண்டு. 1977இல் அந்த நிறுவனத்தின் பேர் மாறினதால, பிறகு வந்ததில 'டிஎல்ஏ' என்று இருக்கும். லேபலில ஒப்பந்த இலக்கமே இல்லை, பெரிய பிராண்ட் பேர் மட்டும் என்றா அது கடைக்கெண்டு தைச்சது. அது பிழை இல்லை, பழசு என்று சொல்லிப் பழசுக்கு உரிய விலை கேட்டாத்தான் பிழை.

என்னுடையதில 69 என்று இருக்கு. கென்சிங்ரன் மார்க்கெற்றில ஒரு பழைய உடுப்புக் கடையில வாங்கினது. நெஞ்சுப் பொக்கற்றுக்கு மேல பேர் தைச்சிருந்த இடம் மட்டும் கடும் பச்சையா, ஒரு சின்ன நீள்சதுரமா மிஞ்சி இருக்கு. சுத்திவர வெளிறிப்போச்சு. பேரை ஆரோ பிளேட்டால கவனமாக் கழட்டி எடுத்திருக்கினம்.

இது வியட்நாம் போரின்ட ஜக்கெற் என்று எல்லாரும் சொல்லுவினம். பாதிதான் உண்மை. அந்தக் காட்டு வெக்கைக்கு அவங்களுக்கு வேற மெல்லிய பருத்திச் சட்டை குடுத்தது, சரிஞ்ச பொக்கற்றோட. உயர்ந்த மலைப்பக்கம் இரவில குளிருக்கு இதைப் போட்டிருப்பினம். இந்த ஜக்கெற் எங்கட கண்ணில பதிஞ்சது, திரும்பி வந்தவை அமெரிக்க நகரங்களின்ர குளிருக்குள்ள அதையே போட்டுத் திரிஞ்சதாலதான். 1971 ஏப்ரலில வாஷிங்டனில, போருக்கு எதிரான முன்னாள் சிப்பாய்கள் ஆமி உடுப்போடயே போய்த் தங்கட பதக்கங்களை நாடாளுமன்றப் படியில வீசினவை. பிறகு படங்கள். 1976இல் 'டாக்ஸி டிரைவர்', 1982இல் 'ஃபர்ஸ்ட் பிளட்'. ரெண்டாவதில ராம்போவுக்கு நடக்கிற பிரச்சினையே அந்த ஜக்கெற்றோட ஊருக்குள்ள நடந்து வாறதில இருந்துதான் தொடங்குது. அந்த 'அமெரிக்க' ஊர் உண்மையில எங்கட பிரிட்டிஷ் கொலம்பியாவில இருக்கிற ஹோப், அது வேற கதை.

சரி, வீட்டுக் கதை.

வாங்கின அண்டைக்கு அதைப் போட்டுக்கொண்டே ஸ்காபரோவில வீட்டுக்குப் போனன். அம்மா கதவைத் திறந்தவ. ஒரு நிமிசம் ஒண்டும் சொல்லேல்ல. பிறகு, "தம்பி, உதைக் கழட்டி வெளியில வைச்சிட்டு உள்ள வா" எண்டா. நான் பகிடி எண்டு நினைச்சு, "அம்மா, இது அமெரிக்கன் ஆமியின்ர" எண்டு விளக்கம் சொல்லத் தொடங்கினன். வருசம், மொடல் நம்பர், லேபல், எல்லாம். அவ கேட்டுக்கொண்டு நிண்டவ. "பச்சை பச்சைதானே" எண்டிட்டு உள்ள போயிட்டா.

1987 ஒக்ரோபரில அம்மாவுக்கு 16 வயசு. இந்திய ஆமி யாழ்ப்பாணத்துக்குள்ள வந்த நேரம். சனம் ஆயிரக்கணக்கில நல்லூர்க் கோயிலில போய் இருந்தது, அம்மாவின்ர குடும்பமும் அங்கதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாத ஒண்டை அம்மா அண்டைக்கு இரவு சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க சொன்னா. பிறகு ஒரு நாள் வீட்டைச் சோதிக்க வந்தவங்களாம். எல்லாரையும் முத்தத்தில நிலத்தில இருக்கச் சொன்னவங்களாம். தலையை நிமிர்த்தக் கூடாது. "முகம் ஒண்டும் ஞாபகம் இல்லை. கண்ணுக்கு நேர பச்சைத் துணியும் பொக்கற்றும்தான்" எண்டா. ஒருத்தன்ர பொக்கற் மூடி பொத்தான் இல்லாம ஆடிக்கொண்டு இருந்ததாம். அவ்வளவுதான் சொன்னவ. பிறகு, "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?" எண்டு கேட்டா.

நான் திருப்பிக் குடுக்கத்தான் நினைச்சன். குடுக்கேல்ல, ஏனெண்டு எனக்கு இப்பவும் சரியாச் சொல்லத் தெரியேல்ல. ஜக்கெற் நல்ல ஜக்கெற், அது ஒரு காரணம். ஆனா, பேர் கழட்டின அந்தக் கடும் பச்சை இடத்தை அதுக்குப் பிறகுதான் நான் ஒழுங்காப் பார்த்தன். அதுவரைக்கும் அது எனக்கு 'ஒறிஜினல்' எண்டதுக்கு அத்தாட்சி மட்டும்தான். ஒரு கிழமைக்குப் பிறகு அம்மாவே கேட்டா, "அதைப் போட்டிருந்த பெடியன் உயிரோட இருக்கிறானோ?" எண்டு. 69இல 20 வயசெண்டா இப்ப 70க்கு மேல எண்டன். அம்மா விரல் மடிச்சு ஏதோ எண்ணினா. "அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பா" எண்டு நான் ஏதாவது எதிர்பார்த்தன், படம் பார்த்துப் பழகின மூளை. அவ சொன்னது: "செத்தவன்ர உடுப்பெண்டா முழுகிப்போட்டு வா."

இந்தியாவில இருந்து கேட்கிற ஆக்களுக்கு ஒண்டு. சிப்பாய் எண்டு மற்றவை நம்ப வேணும் எண்ட நோக்கத்தோட ஆமி உடுப்புப் போடுறது அங்க குற்றம். 2022இல் வந்த புது கொம்பற் டிசைனுக்கு இந்திய ஆமி உரிமைப் பதிவும் எடுத்து வைச்சிருக்கு. அதனால நடப்பில இருக்கிற டிசைனைத் தொடாதீங்கோ. லீவுக்கு பார்படோஸ், ஜமேக்கா பக்கம் போறவை புள்ளிபோட்ட கமஃப்ளாஜ் உடுப்பைப் பெட்டியிலயே வைக்காதீங்கோ. பிள்ளையளின்ர உடுப்பும் சேர்த்துத்தான், அங்க சட்டப்படி தடை.

என்ர ஜக்கெற் இப்ப கராஜில, பனி அள்ளுற சவளுக்குப் பக்கத்து ஆணியில தொங்குது. வீட்டுக்குள்ள வராது, அது எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம், ஒருத்தரும் வாய் திறந்து பேசினது இல்லை. அரிசி மூட்டையும் பெரிய ஃபிரீசரும் அங்கதான் இருக்கிறதால அம்மா ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கராஜுக்குப் போவா. போன வருசம் ஒரு நாள் பார்த்தன், பூப்போட்ட பழைய பெட்சீற் ஒண்டால அது மூடியிருந்தது, கீழ நுனியில ரெண்டு ஊசி குத்தி. இப்ப காம்பிங் போகேக்க ஊசியைக் கழட்டி எடுத்துப் போடுவன். வந்து திருப்பி மூடி, அதே மாதிரிக் குத்திவிடுவன்.