பட்டியலில் பெயரும் பெற்ற பயனும்: ஒற்றை உயிரணு மரபணு ஆய்வுகளில் கணக்கீடு

நலத்திட்டம் ஒன்றின் விளைவை மதிப்பிட முற்படும் அலுவலர் முதலில் சந்திக்கும் இடர்ப்பாடு, பயனாளிகள் பட்டியலில் பெயர் உள்ளோர் அனைவரும் பயன் பெற்றவர் அல்லர் என்பதாகும். கறவை மாட்டுக் கடன் பெற்றதாகப் பதிவான வீட்டில் மாடே இல்லாதிருக்கலாம். பட்டியலை நம்பிச் சராசரி கண்டால், திட்டத்தின் பயன் உண்மையினும் குறைவாகவே தோன்றும். பொருளியல் மாணவர் நன்கறிந்த இதே சிக்கல் இன்று உயிரியல் ஆய்வுக்கூடங்களிலும் எழுந்துள்ளது.

கிரிஸ்பர் முறையில், வழிகாட்டி ஆர்.என்.ஏ. ஒன்று கேஸ்9 என்னும் நொதியைக் குறித்த மரபணுவிடம் இட்டுச் செல்ல, நொதி அதனை வெட்டுகிறது. 2016-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 'பெர்டர்ப்-சீக்' என்னும் முறையை வெளியிட்டனர். பலவகை வழிகாட்டிகளை உயிரணுக்களில் கலந்து செலுத்திய பின், ஒவ்வோர் உயிரணுவிலும் எந்த வழிகாட்டி புகுந்துள்ளது, எந்தெந்த மரபணு எவ்வளவு செயற்படுகிறது என்ற இரண்டையும் ஒருங்கே அளப்பது இதன் சிறப்பு. அவ்வாண்டு வெளியான ஆய்வுகளுள் ஒன்று 2 லட்சம் உயிரணுக்களை ஆராய்ந்தது. மரபணுவை வெட்டாமல் அடக்கிவைக்கும் வகையில் 2022-இல் வெளியான ஆய்வொன்றில் இத்தொகை 25 லட்சத்தைத் தாண்டியது. ஒவ்வோர் உயிரணுவுக்கும் பல்லாயிரம் மரபணுக்களின் எண்கள். அவற்றுள் பெரும்பாலானவை சுழிகள். இதனைக் கையால் கணக்கிட இயலாது என்பது சொல்லாமலே விளங்கும்.

வழிகாட்டி புகுந்த உயிரணுக்கள் அனைத்திலும் மரபணு செயலிழப்பதில்லை. வெட்டு நேராமலே போகலாம். நேர்ந்தாலும், உயிரணு அதனைச் செப்பனிட்டுக் கொண்டு புரதத்தை முன்போலவே ஆக்கலாம். 2021-இல் வெளியான 'மிக்ஸ்கேப்' என்னும் கணிப்பு முறை இவற்றைப் பிரித்தறிய முயல்கிறது. ஓர் உயிரணுவை மிகவும் ஒத்த ஒப்பீட்டு உயிரணுக்கள் சிலவற்றைத் தேர்ந்து, அவற்றின் சராசரியைக் கழித்து, எஞ்சும் மாற்றத்தைக் கொண்டு 'மாறியது', 'தப்பியது' என அது வகைப்படுத்துகிறது. மாணவர்கள் எச்சரிக்கையுடன் நோக்க வேண்டிய இடம் இது. பயன் தெரிந்த குடும்பங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதுவதற்கும் இதற்கும் இடைவெளி மிகக் குறைவு. வகைப்படுத்தப் பயன்பட்ட அதே எண்களைக் கொண்டே விளைவின் அளவையும் நிறுவுவது முறையாகாது.

மற்றொரு பிழை இன்னும் நுட்பமானது. சில உயிரணுக்களிலிருந்து மிகுதியான மூலக்கூறுகள் படிக்கப்படுகின்றன. சிலவற்றிலிருந்து குறைவாகவே கிட்டுகின்றன. மிகுதியாகப் படிக்கப்பட்டவற்றில் வழிகாட்டியும் எளிதில் தென்படும். மரபணுக்களின் எண்ணிக்கையும் உயர்ந்து காணும். இரண்டிற்கும் தொடர்பு உள்ளதுபோல் தோன்றினும், அது அளவையின் ஆழம் விளைவித்த மயக்கமே. 2021-இல் வெளியான 'செப்டர்' முறை, இவ்வாழத்தைக் கருத்திற்கொண்டு, வழிகாட்டி எவ்வுயிரணுவில் புகுந்திருக்கக்கூடும் என்பதைத் தற்செயலாகப் பன்முறை மாற்றியமைத்து, உண்மைக் கணக்கை அவற்றோடு ஒப்பிடுகிறது. எந்த மரபணுவையும் தொடாத வழிகாட்டிகளை வைத்து முறையையே சோதிப்பதும் உண்டு. அவற்றிற்கும் 'விளைவு உண்டு' என அடிக்கடி விடை வருமாயின், பழுது கணக்கில்தான் உள்ளது.

இக்கணக்குகள் ஏட்டளவில் நின்றுவிடுவன அல்ல. 2023 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்த, அரிவாள் உயிரணுச் சோகைக்கான முதல் கிரிஸ்பர் சிகிச்சை, பி.சி.எல்.11ஏ என்னும் மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியைத் திருத்துகிறது. பழங்குடி மக்களிடையே இந்நோய் மிகுந்துள்ள இந்தியா, அதனை 2047-க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கத்தை அதே 2023-இல் தொடங்கியது. எந்த மரபணுவைத் தொடுவது என்ற தேர்வு பிழைபட்டால், ஆண்டுகளும் பெரும்பொருளும் வீணாகும்.

செய்து பார்க்காத சோதனைகளின் முடிவையும் முன்கூட்டியே உரைக்கும் எனச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் சில அண்மையில் முன்வைக்கப்பட்டன. 2025-இல் 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழில் வெளியான ஒப்பீடு அவற்றை எளிய நேர்கோட்டுக் கணக்குகளுடன் நிறுத்திப் பார்த்தது. எளிய கணக்குகளை அவற்றுள் எதுவும் விஞ்சவில்லை.