எந்தத் தெரு என்று கேட்காத செவி



ஐயாவின் நினைவாக அவருடைய சொந்த ஊரான சித்தையன்கோட்டையில் கூடியிருக்கிறோம். அவருடைய எழுத்தைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். நாங்கள் அவருடைய கடைசி வாரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

ஒரு மருத்துவமனையின் பொது வார்டில் அவர் கிடந்தார். நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் பணியாளர் ஒருவர் வந்தார். சபைகளில் 'சாப்ளின் ஐயா' என்பார்களே, அந்தப் பணி. கனிவாகத்தான் பேசினார். "எந்த ஊருங்க?" "சித்தையன்கோட்டை." "அங்கே எந்தத் தெரு?" ஐயா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வந்தவர் ஜெபித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

அன்றிரவு, பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் துணையிருந்த ராவுத்தர் வீட்டு அம்மா, "கஞ்சி ஆறிப்போச்சு, சூடா வேற தரட்டுமாண்ணே?" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. சாவைப் பற்றிய பயத்தை எங்களிடம்கூடச் சொல்லாத ஐயா, நள்ளிரவு தாண்டியும் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தப் பணிக்கு முறையான பயிற்சி உண்டு. அதைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் போதகர் ஆன்டன் பாய்சன். 1920இல் அவரே மனநல மருத்துவமனையில் நோயாளியாக அடைக்கப்பட்டவர். 1925இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்கள் சிலரை அழைத்துப் பயிற்சியளித்தார். நூல்களைப் படிப்பதுபோல நோயாளிகளையும் உயிருள்ள ஆவணங்களாகப் படிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இன்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் இத்தகைய பயிற்சி நடக்கிறது.

பயிற்சியின் மையம் எளியது. நோயாளியைச் சந்தித்தபின் அவர் சொன்னது, நாம் சொன்னது, இடையில் விழுந்த மௌனம் எல்லாவற்றையும் நினைவிலிருந்து வரிக்கு வரி எழுத வேண்டும். அதைக் குழுவின் முன் படிக்க வேண்டும். எந்த இடத்தில் அவர் பேச்சை வெட்டினோம்? ஜெபம் அவருக்காகவா, நம் தடுமாற்றத்தை மறைக்கவா? இப்படிக் கேள்விகள் வரும். 'எந்தத் தெரு?' என்ற வரியும் அந்தத் தாளில் ஏறட்டும். அங்கே பேசியது நம் சாதியா என்றும் குழு கேட்கட்டும். இதுவே நம் கோரிக்கை.

1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், சாகும் மனிதரின் வலி உடல், மனம், சமூகம், ஆன்மா நான்கிலும் இருக்கிறது என்றார். சாதி அந்த நான்கிலும் குத்துவதை நாம் அறிவோம். 'எனக்கு ஏன் இந்த நோய்?' என்று கேட்பவரிடம் கர்மவினை என்றோ பாவத்தின் சம்பளம் என்றோ சொன்னால், பிறப்பையே தண்டனை என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது இரண்டாம் தண்டனை.

அம்பேத்கர் 1956இல் நம்மை அழைத்துச் சென்ற புத்தரைப் பற்றி விநய பிடகத்தில் ஒரு செய்தி உண்டு. வயிற்றுப்போக்கில் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் புத்தரும் ஆனந்தரும் கழுவித் தூக்கிப் படுக்கவைத்தார்கள். பிறகுதான் மற்றப் பிக்குகளுக்கு உபதேசம். முதலில் தண்ணீரும் கையும், பேச்சு அப்புறம்.

மாணவர்களே, உங்களில் சிலராவது இந்தப் பயிற்சிக்குப் போங்கள். எந்த மதத்தவராயினும் மதமே இல்லாதவராயினும் அவர் பேச்சைக் கேட்கப் பழகுங்கள். களத்தோழர்களே, நம்மவர் வார்டில் கிடக்கும்போது ஊசிமருந்துக்கு ஓடுவதோடு நிற்காமல், நாற்காலியை இழுத்துப்போட்டு அரைமணி நேரம் உட்காருங்கள். ஐயாவுக்கு அதை நாங்கள் செய்யவில்லை. அந்த அம்மாதான் செய்தார்.