வேல்ஸ் மக்களின் ஓராண்டு



நிலமும் பொழுதும் வாழ்வின் முதற்பொருள் என்பது தமிழ் இலக்கணம் கண்ட உண்மை. பதினெட்டாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு மலைகளில் வாழ்ந்தோரின் ஓராண்டை நோக்கின், அவ்வுண்மை அங்கும் துலங்கும். பிரித்தானியத் தீவின் மேற்கே அமைந்த அந்நாடு 1536-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டது. வழக்குமன்ற மொழி ஆங்கிலமாயிற்று. வீட்டிலும் வயலிலும் வெல்ஷ் மொழியே வழங்கியது. அம்மொழியைப் புரக்க அரசும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. ஆயினும் அது வாழ்ந்தது. எவ்வாறு வாழ்ந்தது என்பதற்குரிய விடையின் ஒரு பகுதி அம்மக்களின் ஆண்டுச் சுழற்சியிலேயே உள்ளது.

அவர்களின் ஆண்டுக்கு இரு வாயில்கள் இருந்தன. மே முதல் நாள் கோடையின் வாயில். நவம்பர் முதல் நாள் குளிரின் வாயில். பள்ளத்தாக்கில் இருந்த குளிர்கால வீட்டை 'ஹென்ட்ரே' என்றனர்; மலைமேல் இருந்த கோடைக் குடிலை 'ஹாவோட்' என்றனர். மே பிறந்ததும் கால்நடைகளோடு மலையேறினர். அங்கே பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்து குளிர்காலத்துக்கெனச் சேமித்தனர். ஸ்னோடோனியா மலைப் பகுதியில் இவ்வாழ்வை நேரில் கண்ட தாமஸ் பென்னன்ட் தம் பயண நூலில் அதனைப் பதிவு செய்துள்ளார். நூற்றாண்டின் இறுதியில் இவ்வழக்கம் தேய்ந்தது. குடில்கள் பல நிலையான பண்ணை வீடுகளாயின.

கோடை உழைப்பின் காலம். அண்டை வீட்டார் ஒருவர்க்கொருவர் துணைநின்று ஆட்டு மயிர் கத்தரித்தனர். வளர்த்த கறுப்பு மாடுகளை மந்தை ஓட்டிகள் இங்கிலாந்துச் சந்தைகளுக்கு ஓட்டிச் சென்றனர். நெடுவழி நடப்பதற்காக மாடுகளுக்கும் லாடம் அடிக்கப்பட்டது. பிறர் பணத்தையும் செய்தியையும் நம்பிக்கையோடு சுமந்தவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவரான டேவிட் ஜோன்ஸ் 1799-இல் லாண்டவரி ஊரில் 'கறுப்பு எருது வங்கி'யைத் தொடங்கினார். கார்டிகன்ஷயர் பெண்களோ லண்டன் தோட்டங்களில் களையெடுக்கக் கால்நடையாகவே சென்று மீண்டனர்.

நவம்பரில் மலை வெறிச்சோடியது. வீடு திரும்பியோர்க்கு இரவு நீண்டது. விறகையும் விளக்கையும் சிக்கனப்படுத்த, அண்டையார் ஒரு வீட்டில் கூடிக் காலுறை பின்னினர். கை பின்ன, வாய் பழங்கதை சொன்னது. சில வீடுகளில் யாழிசையும் எழுந்தது. கிறிஸ்துமஸ் நாளில் பொழுது புலரும் முன்னரே கோயிலில் கூடித் தம் மொழியில் பாடினர். புத்தாண்டு விடியலில் சிறுவர்கள் வீடுதோறும் சென்று வாழ்த்திப் பரிசு பெற்றனர். 1752-இல் நாட்காட்டி திருத்தப்பட்டுப் பதினொரு நாள்கள் நீக்கப்பட்ட பின்னும் பலர் பழைய புத்தாண்டை விடவில்லை. குவைன் பள்ளத்தாக்கினர் இன்றும் சனவரி 13-ஆம் நாளைக் கொண்டாடுகின்றனர்.

நிலம் ஓய்ந்த இக்காலத்தையே கிரிஃபித் ஜோன்ஸ் கல்வியின் பருவமாக்கினார். லாண்டவ்ரோர் ஊரின் குருவாகிய அவர் 1731 அளவில் சுற்றுப் பள்ளிகளைத் தொடங்கினார். ஆசிரியர் ஓர் ஊரில் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கிக் கற்பிப்பார். பின்னர் அடுத்த ஊருக்குச் செல்வார். பகலில் வர இயலாத உழவர்க்கும் பணியாளர்க்கும் இரவில் வகுப்பு நடந்தது. விவிலியத்தைப் படிக்கச் செய்வதே நோக்கம். கற்பித்த மொழி வெல்ஷ். அறிந்த மொழியில் கற்றதனால்தான் மூன்றே மாதத்தில் எழுத்து வசப்பட்டது. 1761-இல் அவர் மறைவதற்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் நடந்திருந்தன. அவருக்குப்பின் பிரிட்ஜெட் பெவன் அம்மையார் 1779-இல் தாம் இறக்கும்வரை அப்பணியைத் தொடர்ந்தார்.

தம் மொழியில் படிக்கும் மக்கள் பெருகி வந்த அதே காலத்தில், அம்மொழி அறியாத குருமார் அவர்கள்மீது அமர்த்தப்பட்டனர். 1766-இல் ஆங்கிலஸி தீவின் ட்ரெவ்த்ரேத் பங்குக்குத் தாமஸ் பௌல்ஸ் என்னும் ஆங்கிலேயர் குருவாக அமர்த்தப்பட்டார். பங்கு மக்கள் ஏறத்தாழ ஐந்நூறு பேருள் ஆங்கிலம் அறிந்தோர் ஐவரே. மக்கள் வழக்குத் தொடுத்தனர். லண்டன்வாழ் வெல்ஷ் மக்கள் 1751-இல் நிறுவிய கம்ரோடோரியன் கழகம் அவர்களுக்குத் துணைநின்றது. 1773-இல் வந்த தீர்ப்பு, வெல்ஷ் அறியாதவரை அத்தகைய பங்கில் அமர்த்துவது தகாது என்றது. ஆயினும் முன்னரே அமர்த்தப்பட்டவரை நீக்க மறுத்தது. நெறி வென்றது, பௌல்ஸ் இறக்கும்வரை பதவியில் நீடித்தார்.

அத்தோல்வியிலும் ஒரு பாடம் உண்டு. மொழியைச் சட்டம் மட்டும் காப்பதில்லை. அடுப்பருகே கதை சொன்ன மூதாட்டியும், பகலெல்லாம் உழைத்து இரவில் எழுத்துக் கூட்டிய பணியாளும், தொலைநகரிலிருந்து தோள்கொடுத்த ஒரு கழகமும் சேர்ந்தே அதனைக் காத்தனர். பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் ஒன்று எண்ணிப் பார்க்கத்தக்க வரலாறு இது.