படிப்பதோடும் பார்ப்பதோடும் நின்றுவிடலாகாது

(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காண்கிறது. நோட்டுப் புத்தகம் வழங்கினோம். தேர்வுக் கட்டணம் கட்டினோம். மாலை வகுப்பு நடத்தினோம். கூலி வேலைக்குச் சென்றோரின் குடிசைகளிலிருந்து பட்டதாரிகள் தோன்றியுள்ளனர். மகிழத்தக்க செய்தியே. ஆயினும், வெள்ளி விழா நாள் அடுத்த பணி யாதென எண்ணிப் பார்ப்பதற்கும் உரிய நாளாகும். பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், பேச வைத்தோமா? இவ்வினாவையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பதின்மூன்று வயது முதல் பதினெட்டு வயது வரையிலான பருவம், உலகை உற்று நோக்கும் பருவம். நம் வாழ்க்கையைச் சொல்லும் திரைப்படம் வந்தால் நம் பிள்ளைகள் திரளாகச் சென்று பார்க்கின்றனர், கை தட்டுகின்றனர், கண்ணீரும் வடிக்கின்றனர். மறுநாள் அதைப் பற்றி வகுப்பில் ஒரு சொல்லும் இல்லை; வீட்டிலும் இல்லை. “படிக்கிற பிள்ளைக்கு இந்தப் பேச்செல்லாம் எதற்கு? வீண் வம்பு வரும்” என்று பெற்றோர் அடக்கிவிடுகின்றனர்.

பெற்றோரின் அச்சம் காரணமற்றது என்று நாம் கூறமாட்டோம். 2023 ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில், உடன் பயின்ற மாணவர் தன்னைத் துன்புறுத்துவதைப் பள்ளியில் தெரிவித்த நம் பிள்ளை, வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க ஓடிய தங்கையும் வெட்டுண்டாள். அரிவாள் ஏந்தியவர்களும் பள்ளி மாணவர்களே என்பதை எண்ணும்போது ஆசிரியர்களாகிய நம் நெஞ்சு நடுங்குகிறது. ஆனால் இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் வாய்மூடி இருப்பதன்று. ஒரு பிள்ளை தனியே நின்று பேசும் நிலை ஏற்படலாகாது என்பதே பாடம். அவனோடு சேர்ந்து பேச நண்பர்களும், அருகில் நிற்கப் பெரியோரும் வேண்டும். அப்பயிற்சிக்கு ஏற்ற கருவிகள் நூலும் திரைப்படமும் ஆகும். தன் துயரத்தைச் சபையில் சொல்லக் கூசும் பிள்ளையும் கதைமாந்தரின் துயரத்தைத் தயக்கமின்றிப் பேசுவான். பேசப் பேசத் தன்னையும் பேசக் கற்பான்.

எங்கிருந்து தொடங்குவது? அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வில் பட்ட அவமதிப்புகளைச் சிறு வரலாறாக எழுதி வைத்துள்ளார். 1901ஆம் ஆண்டில், ஒன்பது வயதுச் சிறுவராக, தந்தையைக் காணக் கோரேகாவுக்குப் பயணம் செய்கிறார். நல்ல உடை அணிந்த சிறுவர்களிடம் கனிவுடன் பேசிய நிலைய அதிகாரி, அவர்கள் மகார் குலத்தவர் என்றறிந்ததும் முகம் மாறுகிறார். இரட்டிப்புக் கூலி பேசிக்கொண்ட வண்டிக்காரரோ, சிறுவர்களே வண்டியை ஓட்ட, தாம் உடன் நடந்து வருகிறார். இரவு முழுவதும் குடிக்கத் தண்ணீர் கிட்டவில்லை. எட்டாம் வகுப்பு மாணவரிடம் இதைப் படித்துக் காட்டி, “கையிலிருந்த காசு தீட்டாகவில்லை, உடன் அமர்வது மட்டும் ஏன் தீட்டாயிற்று?” என்று கேளுங்கள். எத்தனை பேர் விடை கூற எழுகின்றனர் என்று பாருங்கள்.

அடுத்து, பூமணி அவர்கள் 1982இல் எழுதிய ‘வெக்கை’ நாவலையும், அதைத் தழுவி 2019இல் வெளிவந்த ‘அசுரன்’ படத்தையும் சேர்த்துப் பேசலாம். அண்ணனைக் கொன்றவனைப் பழிதீர்த்துவிட்டுத் தந்தையோடு காட்டில் மறைந்து திரியும் பதினைந்து வயதுச் சிதம்பரமே நாவலின் நடுநாயகம். திரைப்படமோ தந்தையின் கதையை விரிக்கிறது; பஞ்சமி நிலத்தையும், செருப்பணிந்ததற்குக் கிடைத்த இழிவையும், எரிந்த குடிசைகளையும் காட்டுகிறது. இவை ஏன் சேர்க்கப்பட்டன? பஞ்சமி நிலம் என்றால் என்ன? செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசு ஆணையிட்ட வரலாற்றை மாணவர் தேடிப் படிப்பர். எரியும் குடிசைகளைக் கண்டவர்க்கு, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தீக்கிரையான நாற்பத்து நான்கு உயிர்களை நாம் நினைவூட்டலாம். சண்டைக் காட்சிக்கு எழுந்த கைதட்டல், இவ்வாறு சிந்தனையாக மாறும்.

அப்படத்தின் இறுதியில் தந்தை மகனுக்குக் கூறும் அறிவுரை, கல்வியை எவராலும் பறிக்க இயலாது என்பது. நம் கழகத்தின் கொள்கையும் அதுவே. ஆனால், 2018இல் வெளிவந்த ‘பரியேறும் பெருமா’ளில் சட்டக் கல்லூரிக்குள் நுழைந்த பின்பும் இளைஞன் இழிவுபடுத்தப்படுகிறான். வெளிநாட்டுக் கல்லூரிகளில் பயின்று திரும்பிய அம்பேத்கரும் பரோடாவில் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டாரல்லவா? அங்ஙனமாயின், கல்வி மட்டும் போதுமா? கல்விக் கழகத்து மேடையிலேயே இவ்வினாவை எழுப்ப நம் இளைஞர்க்கு உரிமை உண்டு. சான்றிதழ் வேலை தரும். அநீதியை அநீதியென்று பெயர் சொல்லி உரைக்கும் துணிவு, பேசிப் பழகுவதாலேயே வரும்.

இனி, கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிறர் நமக்கிழைத்த தீங்கை மட்டுமே பேசுவது பாதி நீதியாகும். 1994இல் வெளிவந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, நம் மக்களின் துணிகளை வெளுத்து, வீடு வீடாகச் சோறு வாங்கி வாழும் ஆரோக்கியம் என்னும் வண்ணாத்திப் பெண்ணின் கதை. நமக்கும் கீழே ஒருவரை நிறுத்தி வைத்த கொடுமையை அந்நூல் காட்டுகிறது. அது வெளிவந்தபோது போற்றியவரும் உண்டு, சினந்தவரும் உண்டு. நம் பிள்ளைகள் படித்துத் தாமே முடிவு செய்யட்டும். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. ஒரு பெண்ணின் கண்வழி நம் தெருவைக் காட்டும் நூல் அது. அதைப் படித்த தங்கை, “வீட்டில் தண்ணீர் சுமப்பது ஏன் நான் மட்டும்?” என்று கேட்டால், அண்ணன்மார் சிரித்து மழுப்பலாகாது. அதுவும் சமூக நீதியே.

திரையில் காண்பதெல்லாம் நடந்தபடியே காட்டப்படுவதில்லை என்பதையும் கற்பிக்க வேண்டும். 2021இல் வந்த ‘ஜெய் பீம்’, 1993இல் நிகழ்ந்த காவல் கொடுமையையும், வழக்கறிஞர் சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்கையும் தழுவியது. நிகழ்வில் பாதிக்கப்பட்டவர் குறவர் குலத்தவர். படம் இருளர் என்று காட்டுகிறது. இம்மாற்றம் சரிதானா என விவாதிக்கலாம். ஆட்கொணர்வு மனு என்பது யாது என்று அறிந்துகொண்டாலே ஒரு சட்ட வகுப்பு முடிந்ததாகும். பிற்காலத்தில் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய அப்பெரியவரே, நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் மாணவரிடையே சாதி வன்முறையைத் தடுக்கும் வழிகளை ஆராய அரசு அமைத்த குழுவின் பொறுப்பேற்று, 2024இல் அறிக்கை அளித்தார். அவ்வறிக்கையையும் நம் மாணவர் படித்தல் நன்று.

இவ்விழாவின் நினைவாக மூன்று செயல்களை முன்மொழிகிறோம். மாதம் ஒரு முறை கழகப் படிப்பகத்தில் ஒரு நூலோ, வயதுக்கேற்ற ஒரு படமோ விவாதிக்கப்படட்டும். முதலில் மாணவியர் பேசட்டும். பெரியோர் கடைசியில் பேசட்டும். தவறாகச் சொன்னாலும் எவரையும் எள்ளி நகையாடலாகாது. மூன்றாவதாக, பிற தெருக்களைச் சேர்ந்த வகுப்புத் தோழரையும் அழைப்போம். ஒரே பெஞ்சில் அமர்ந்தும் ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகள் ஒரு கதையைச் சேர்ந்து பேசினால், நாளை ஒருவன் துன்புறும்போது மற்றவன் அவனுக்காகச் சாட்சி சொல்ல வருவான்.

1893இல் இரட்டைமலை சீனிவாசனாரும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதரும் இதழ் நடத்தியது, நம் மக்கள் படித்துப் பேச வேண்டும் என்பதற்காகவன்றோ? அப்பேச்சு நம் தலைமுறையில் நின்றுபோகலாகாது. வரும் மாதமே முதற் கூட்டம் கூடட்டும். இளைஞர்களே, நீங்கள் பேசுங்கள். நாம் கேட்கக் காத்திருக்கிறோம்.