முந்தானைக்குள் மறைத்த சேதி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் மருத்துவனல்லன். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வே அலுவலகத்தில் பில்களோடு காலந்தள்ளும் எழுத்தன். எனினும், என் தமக்கையாரின் நோய் எனக்குக் கற்பித்த சிலவற்றைத் தங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

அவருக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய். நிவோலுமாப் என்னும் மருந்தை இரண்டு வாரத்திற்கொருமுறை இரத்தக் குழாய் வழியே ஏற்றினார்கள். இது நாம் கேள்விப்பட்ட கீமோ அன்று. கீமோ, விரைந்து பெருகும் அணுக்களையெல்லாம் அழிப்பது. மயிர்க்காலிலும் அத்தகைய அணுக்கள் உண்டாகையால் முடி கொத்தாக உதிர்கின்றது. இதுவோ உடலின் காவற்படையையே நோயோடு பொருதச் செய்வது. அப்படைக்கு இயற்கை ஒரு பிரேக் வைத்திருக்கின்றது. அதனைத் தளர்த்தும் வழிகண்ட அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானியர் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபெல் பரிசு கிடைத்தது. பிரேக் தளர்ந்த வண்டி நாம் எண்ணிய இடத்தில் நிற்பதில்லை என்பதை இரயில்வேக் குடும்பத்தினருக்கு நான் சொல்ல வேண்டுமா? சிலபோது அப்படை மயிர்க்காலையே பகையென்று தாக்கும். புழுவெட்டுப் போல வட்டவட்டமாக முடி கொட்டும். நூற்றில் ஓரிருவருக்கே இது நேர்கின்றது. வியப்பென்னவெனில், நுரையீரல் புற்றுக்கு இவ்வகை மருந்து பெற்ற சிலருக்கு நரைமுடி கறுத்ததென்று 2017-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் எழுதினர்!

என் தமக்கைக்கு நேர்ந்தது வேறு. ஆறாம் மாதத்தில் தலை முழுதும் முடி மெலிந்தது. காலனித் தாய்மார் ஆளுக்கோர் எண்ணெய் கொடுத்தனுப்பினர். (அவர்கள் அன்பை நான் குறை கூறவில்லை, எண்ணெய்களும் நல்ல மணமுடையனவே.) அவரோ, சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்றஞ்சி, முந்தானையால் தலையை மூடியே டாக்டரிடம் சென்று வந்தார். கோடையிலும் குளிர்கிறதென்று கம்பளி போர்த்தினார். "உயிர் பிழைத்தால் போதாதா, தம்பி? முடிக்கென்ன வந்தது?" என்பார்.

ஒருநாள் நானே டாக்டரிடம் உரைத்துவிட்டேன். தமக்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இரத்தத்தைச் சோதித்ததில் தைராய்டுச் சுரப்பு மிகக் குறைந்திருந்தது. படை தாக்கியது கழுத்துச் சுரப்பியை. முடி உதிர்ந்ததும் குளிரும் அயர்வும் அதன் விளைவே. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். மருந்து ஏற்றுவதை நிறுத்தவில்லை. புழுவெட்டாயிருந்தாலும் பெரும்பாலும் பூசுமருந்தே போதும் என்றார் டாக்டர்.

சில திங்களில் முடி தளிர்த்தது. இன்று அவர் முன்வரிசையில் முக்காடின்றி அமர்ந்திருக்கின்றார். இதைப் பேசச் சொன்னவரும் அவரே. நோய் எவ்வளவில் நிற்கிறதென்பதை அடுத்த மாத ஸ்கேன் சொல்லும்.